தண்ணீருக்கு விலை வைக்கலாமா?

மருதன்:
தண்ணீரைச் சரக்காக்கியதுதான் நம் காலத்தின் பெரிய தவறு. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் குடிநீரைத் தனியார் கையில் கொடுத்தார்கள். கட்டணம் எகிறியது, ஊரே தெருவுக்கு வந்தது, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. 2010-இல் ஐ.நா. பொதுச்சபையே குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் போட்டுவிட்டது. உரிமைக்கு பில் போடுவது என்ன நியாயம்?

வெண்ணிலா:
உணவும் உரிமைதான், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்? ஆறு சும்மா ஓடும். குழாயும் பம்பும் சுத்திகரிப்பும் சும்மா வராது. இலவசம் என்றால் அது குழாய் உள்ள வீட்டுக்கு மட்டும்தான். நான் குழாய் இல்லாத தெருவில் வளர்ந்தவள். லாரி ஹாரன் கேட்டால் பள்ளிச் சீருடையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஒரு குடம் சிந்திவிட்டால் அன்றைக்குத் துணி துவைக்க முடியாது. அந்தத் தண்ணீருக்குக் குழாய்க்காரர்களைவிட நாங்கள்தான் அதிகம் கொடுத்தோம்.

மருதன்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்த லாரியைக் கொண்டுவருவதும் சந்தைதான். சிலியின் 1981 நீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கவும் விற்கவும் விட்டது. பெட்டோர்கா பகுதியில் அவகாடோ தோட்டங்கள் பச்சைப்பசேல் என்று நிற்க, பக்கத்துக் கிராமங்கள் லாரிக்குக் காத்திருந்தன. செலவை வசூலிப்பது வேறு, லாபம் பார்ப்பது வேறு. பாரிஸ் நகராட்சி 2010-இல் குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே கட்டணத்தை 8% குறைத்தது.

கரைவாசி:
இருவருமே லிட்டர் கணக்கில்தான் பேசுகிறீர்கள். நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றை 2017-இல் சட்டப்படி ஒரு ஆளாகவே ஏற்றார்கள். ‘நானே ஆறு, ஆறே நான்’ என்று சொல்லும் மாவோரிப் பழங்குடி மக்கள் நூறாண்டுக்கு மேல் போராடிப் பெற்றது அது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர்: ஒருவரை அரசு நியமிக்கும், மற்றவரை அம்மக்கள். அந்த உறவுக்கு என்ன விலை வைப்பீர்கள்?

வெண்ணிலா:
உறவுக்கு வைக்க வேண்டாம், வீணடிப்புக்கு வையுங்கள். உலகில் எடுக்கும் நன்னீரில் சுமார் 70% வேளாண்மைக்குப் போகிறது. தென்னாப்பிரிக்கா 2001-இல் கொண்டுவந்த முறை எனக்குப் பிடிக்கும்: வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அதற்குமேல் போகப் போகக் கட்டணம் ஏறும்.

மருதன்:
எட்டுப் பேர் உள்ள வீட்டில் அது தலைக்கு நாளைக்கு 25 லிட்டர். குளித்தால் துவைக்க முடியாது. ஏழை வீட்டில்தான் ஆள் அதிகம்.

வெண்ணிலா:
சரி, அது ஓட்டைதான். வீட்டை விட்டுத் தலையை எண்ணட்டும். அதற்குமேல் செலவழிப்பவரிடம் வசூலிக்கத்தான் வேண்டும், அப்புறம்தான் என் தெருவுக்குக் குழாய் வரும்.