பழகிவிட்டது என்று நம்பிய இரவுகள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நூற்பாலையில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். வாரந்தோறும் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஒன்பது மணிக்குப் படுத்தால், தகரக் கூரையின் வெக்கையும் தெருவில் காய்கறி விற்கும் வண்டியின் ஒலிபெருக்கியும் மதியம் ஒரு மணிக்குள் எழுப்பிவிடும். நான்கு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது என்று நானும் நம்பினேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னேன்.

ஒரு விடியற்காலை, நான்கு மணி இருக்கும், நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமில் அறுந்த நூலை இணைத்துக்கொண்டிருந்தபோது, கண் திறந்திருக்கவே சில நொடிகள் நினைவு தப்பியது. பக்கத்தில் நின்ற அக்கா தோளைப் பிடித்து இழுத்த பிறகே, அதில் சுழலும் நூற்புக் கதிர்களுக்கு மிக அருகில் என் முகம் சாய்ந்திருந்ததை உணர்ந்தேன். அதே ஆண்டு, 36 வயதில், சர்க்கரை நோயும் தெரியவந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது இருந்ததில்லை. மருத்துவர் மாத்திரை எழுதும் முன் என் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டபோது, சர்க்கரையைக் கையாளும் அவர்களுடைய உடலின் திறன் வெகுவாகக் குறைந்ததைக் காட்டிய 1999ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஆறு இரவுகளுக்கே அப்படியென்றால் என் 11 ஆண்டுகள் என்ன செய்திருக்கும் என்று எண்ணி அன்று மிகவும் கலங்கினேன். தூக்கக் குறைவு மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் போதாது என்றார். அதன்பின் ஜன்னலுக்குக் கனமான கருப்புத் துணி கட்டினேன். ஷிப்டின் பின்பாதியில் டீ குடிப்பதையும் நிறுத்தினேன்; அதிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகுமாம். இப்போது ஆறு மணி நேரமாவது தூங்குகிறேன்.

நாமக்கல்லிலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா, நேரம் கிடைத்தும் தூக்கம் கிடைக்காதவர்களும் உண்டு. என் கணவர் லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கும் நாட்களில் எட்டு மணி நேரம் படுப்பார். எழும்போது தலைவலியோடுதான் எழுவார். ரத்த அழுத்தம் இரண்டு மாத்திரைகளுக்கும் அடங்கவில்லை. குறட்டை திடீரென நின்று, மூச்சுத் திணறி, மீண்டும் தொடங்குவதை நான்தான் கவனித்தேன். இரவு முழுவதும் நடந்த பரிசோதனையில், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்வது தெரிந்தது. மணிக்கு 30 முறை தடைபட்டாலே கடுமையான நிலை, அவருக்கு 42. ஒவ்வொரு முறையும் மூளை அவரை உலுக்கி எழுப்பியிருக்கிறது, அவருக்கோ எதுவும் நினைவில்லை. காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் முகமூடியை அணிந்த முதல் இரவு குறட்டையே இல்லை. அந்த அமைதி பழக்கமில்லாததால், மூச்சு வருகிறதா என்று பலமுறை எழுந்து அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தேன்.