டேங்க் ஃபுல்லில் இருந்து டேங்க் ஃபுல் வரை: கிராஸ்ஓவர் மைலேஜ் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

கிராஸ்ஓவர் (எஸ்யூவி மாதிரி உயரமான கார்) வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். வீட்டில் ஐந்து பேர், டிக்கி எப்போதும் பாதி நிறைந்தே இருக்கும். டேஷ்போர்டு லிட்டருக்கு 14 என்று காட்டும், நானும் அதையே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் புத்தி வந்து டேங்க் ஃபுல் கணக்குப் போட்டேன். முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டினேன். அடுத்த முறை அதே பங்க், அதே பம்ப், மறுபடி முதல் ‘டக்’. 431 கிலோமீட்டருக்கு 34.8 லிட்டர். வகுத்தால் 12.4தான் வருகிறது! ஒரு டேங்க் கணக்கை நம்ப முடியாது, நாஸில் கொஞ்சம் முன்னே பின்னே கட் ஆகும். அதனால் நாலு டேங்க் சேர்த்துப் பார்த்தேன். 1716 கிலோமீட்டர், 139.5 லிட்டர். 12.3.

முதலில் கை வைத்தது டயரில். டயர் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பிரஷர்தான் நிரப்ப வேண்டிய அளவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது டயர் தாங்கும் உச்ச அளவு. நம் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் சேர்த்து. எனக்கு 33 பிஎஸ்ஐ. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்த்தால் நாலிலும் 27, 28தான் இருந்தது.

காற்று பிடித்து, சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பழகிய பிறகு, அடுத்த மூன்று டேங்க் சராசரி 13.1. இதில் காற்றின் பங்கு சொற்பம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அப்படிப் பார்த்தால் எனக்குப் போனது ஒரு சதவீதம்தான். மீதி வலது காலின் வேலை. நீங்கள் எப்படி ஏற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

மறுமொழி 1

சார், எனக்கு நடந்தது வேறு கதை. 13 தந்துகொண்டிருந்த வண்டி இரண்டே மாதத்தில் 10.5க்கு வந்துவிட்டது. சர்வீஸுக்கு விட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி சுத்தம் செய்தார்கள், பில் மட்டும் நீளமாக வந்தது. மைலேஜ் அசையவில்லை. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. இது எனக்குத் தெரிந்தது பில் கட்டிய பிறகு.

ஒருநாள் ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்து டிக்கியைத் திறக்கப் போனேன். இடது பின்சக்கரத்துப் பக்கம் காலில் அனல் அடித்தது. குனிந்து ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினேன், இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நிற்பது மாதிரி. மற்ற மூன்றும் வெதுவெதுப்பு. தெரிந்த மெக்கானிக் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றில் கரகரவென்று நின்றுவிட்டது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் ஒரு ‘பின்’ (ஊசி போன்ற கம்பி) மேல்தான் நகரும், அந்தப் ‘பின்’னில் கிரீஸ் வறண்டு இறுகிப் போயிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட், டிஸ்க்கை விடவில்லை. அதாவது இரண்டு மாதம் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓட்டியிருக்கிறேன். அந்த ஒரு பேட் மட்டும் தகடு அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைத்து, புது பேட் போட்டார். ஒரு மணி நேர வேலை. அடுத்த டேங்க் 12.9.

திடீரென்று மைலேஜ் விழுந்தால் இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் நாலு சக்கரத்துச் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் வைத்துத் தொட வேண்டாம், சுட்டுவிடும்.

மறுமொழி 2

நான் கியர் வண்டிக்காரன். இறக்கம் வந்தால் நியூட்ரல், அதுதான் சிக்கனம் என்று இருபது வருஷமாக ஓட்டியவன். என் மருமகன், வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைக் காட்டும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, “மாமா, இதைப் பாருங்க” என்றார். நியூட்ரலில் இறங்கும்போது மணிக்கு 0.8 லிட்டர் காட்டியது. இன்ஜின் ஐடிலில் ஓட அது வேண்டுமே. அதே இறக்கத்தில் நாலாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் 0.0. சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜெக்டர் மூடிக்கொள்கிறது. வேகம் நன்றாகக் குறைந்து ஆர்பிஎம் கீழே வந்ததும் மறுபடி பெட்ரோல் திறக்கும். கவனித்தால் லேசான ஒரு உந்தல் தெரியும்.

இருபது வருஷப் பழக்கம் பத்து நிமிஷத்தில் போயிற்று. நியூட்ரலில் இன்ஜின் பிரேக்கும் கிடையாது, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகித் தொலையும். அப்புறம், சமதரையில் கொஞ்ச தூரம் உருட்டினால் நியூட்ரல் லாபம்தான் என்று யாராவது வாதிடுவார்கள். வாதிடட்டும், நான் கியரை விடப் போவதில்லை.

மறுமொழி 3

எங்க வீட்டுக்காரர் சோம்பலால் வந்த வினை இது. சுற்றுலாவுக்கு மாட்டிய ரூஃப் பாக்ஸ், ஊர் திரும்பி நாலு மாதமாகியும் கூரையிலேயே இருந்தது, காலியாக. கழற்றியதும் ஹைவே மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடியது. கிராஸ்ஓவர் ஏற்கெனவே உயரம், காற்றை முட்டிக்கொண்டுதான் போகிறது. அதன் தலையில் இன்னொரு பெட்டி வேறு! காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100ல் போவதற்கும் 120ல் போவதற்கும் எதிர்ப்பு 1.44 மடங்கு. இதை அவரிடம் சொன்னால் “பாக்ஸைத்தான் கழற்றியாச்சே” என்கிறார்.

மறுமொழி 4

தினமும் இரண்டு கிலோமீட்டர் ஸ்கூல், திரும்ப வீடு, மறுபடி இரண்டு கிலோமீட்டர் கடை. இன்ஜின் சூடாகும் முன்பே அணைந்துவிடும். ஸ்கூலில் விட்டுவிட்டு அப்படியே கடைக்கும் போய்த் திரும்பினேன், அவ்வளவுதான். 9.8 இருந்தது 10.9 ஆனது. உங்கள் 13 எல்லாம் எனக்குக் கனவு.

தொடங்கியவர்

கனவு இல்லை. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் 9.8லிருந்து 10.9 என்பது 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். நான் 12.3லிருந்து 13.1க்கு ஏறியதில் மிச்சமானது அரை லிட்டர்தான். கீழே இருப்பவர் ஒரு படி ஏறினால் கிடைப்பது அதிகம்.

நேற்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் நாலு சக்கரத்துப் பக்கமும் கை நீட்டிப் பார்த்தேன். வலது முன்சக்கரம் கொஞ்சம் அனலாகத் தெரிந்தது. மறுமொழி 1ஐப் படித்ததால் வந்த மனப்பிரமையாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.