மாஃபுஷி போகிறோம்: உள்ளூர்க் கடையில் என்ன சாப்பிடலாம்?

மதுரை மீனா

வணக்கம். அடுத்த மாதம் நான், கணவர், மாமியார் மூவரும் மாலத்தீவு போகிறோம். ரிசார்ட் இல்லை, மாஃபுஷி தீவில் கெஸ்ட் ஹவுஸ். திரும்பும்போது ஒரு நாள் தலைநகர் மாலேயில். எனக்கும் அவருக்கும் மீன் என்றால் உயிர். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நெட்டில் தேடினால் நீச்சல் குளத்தில் மிதக்கும் பழத்தட்டுதான் வருகிறது. ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் என்ன கிடைக்கும்? மாமியாருக்கு என்ன வழி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடி கணக்கர்

மீனா மேடம், மாலேயில் கணக்கு வேலை பார்த்தவன் நான். கடலோரம் டாலரில் மெனு வைத்திருக்கும் கடைகளை ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுட்ட மீன் நன்றாகவே இருக்கும். மற்ற வேளைக்கு உள்தெருவில் அந்த ஊர்ப் பணமான ருஃபியாவில் விலை போட்டிருக்கும் டீக்கடைதான். டாலருக்குச் சுமார் 15 ருஃபியா என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அங்கே எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதுதான் முக்கியம். காலை என்றால் மாஸ் ஹுனி. பிரெட் வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கெஸ்ட் ஹவுஸில் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பிசைவதைக் கிட்ட நின்று பாருங்கள். வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றை முதலில் கையால் நசுக்குவார்கள். வெங்காயம் தளர்ந்து நீர் விட்ட பிறகுதான் சூரை மீன், கடைசியில் தேங்காய்த் துருவல். நம் சப்பாத்தி மாதிரியான ரோஷியைச் சூடாகப் பிய்த்து அதோடு அள்ளிச் சாப்பிட்டு, பாலில்லாத இனிப்புத் தேநீர் குடித்தால் மதியம் வரை பசிக்காது. இப்போது பல இடங்களில் டின் மீன்தான் போடுகிறார்கள். புகையில் வாட்டிய சூரை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ருசியே வேறு. மிளகாய் மட்டும் ஜாக்கிரதை. குண்டாக, பழ வாசனையோடு சாதுவாக இருக்கும், கடித்தால் காது அடைக்கும்.

மதியத்துக்குக் கருதியா. சூரையை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிட்ட தெளிந்த சாறு. மஞ்சள் இல்லை, தேங்காய் இல்லை, புளி இல்லை. முதல் வாயில் "இது என்ன, பத்தியச் சாப்பாடா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை வெங்காயம் ஒரு கடி, மிளகாய் ஒரு நுனி என்று சாப்பிடச் சொல்லுங்கள். மீன் புதிதாக இருந்தால் மட்டுமே எடுபடுகிற சமையல் இது. அதே சாறை மணிக்கணக்கில் வற்றவைத்தால் ரிஹாக்குரு, புளிக்காய்ச்சல் பதத்தில் கறுத்த விழுது. அது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு ரோஷியில் தடவிக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

மாலை நாலு மணிக்கு மேல் கண்ணாடி அலமாரியில் ஹெதிகா என்கிற மாலைப் பலகாரங்கள் நிறையும். பஜியா, உருண்டையாகக் குல்ஹா, மீன் அடைத்த மஸ்ரோஷி, காரமான மீன் கேக் என்று எல்லாமே சின்னச் சின்னதாக இருக்கும். தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தின்றதற்குத்தான் காசு. கல்லாவில் பாக்கு சீவி வைத்திருப்பார்கள், கிராம்போடு மென்று பாருங்கள். ராத்திரிக்குக் கொத்து ரோஷி, நம் கொத்து பரோட்டாவுக்குப் பங்காளி.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடியும்வரை பல கடைகள் திறக்காது. ரமலான் மாதம் என்றால் பகலில் உள்ளூர்க் கடைகளை மறந்துவிடுங்கள்.

சைவப் பயணி

மாமியார் விஷயத்துக்கு மட்டும். பஜியா பார்க்க அசல் சமோசா. உள்ளே சூரையும் தேங்காயும். என் அக்கா கை வைக்கப் போய் நான் தட்டிவிட்டேன்! கீரை சாலட், பூசணிக்காய்க் கூட்டு எதிலும் மீன் தூள் சேர்ந்திருக்கலாம், கேட்காமல் வாங்க வேண்டாம். பொரிக்கிற பலகாரமெல்லாம் ஒரே எண்ணெயில்தான். சாதா ரோஷி, சோறு, பருப்புக் கறி, பழம் இவை சமாளிக்கும். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் கடைசிவரை காப்பாற்றியது. மாலேயில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, அங்கே கவலையில்லை.

மட்டுநகரான்

எங்கட வீட்டில் சம்பலுக்குப் போடும் மாசிக்கருவாடு அங்கிருந்து வருகிறதுதான். மாலே வடக்குக் கரையில் மீன் சந்தைக்குக் கிட்டவே காய்கறிச் சந்தை இருக்கு. மாசியும் ரிஹாக்குருப் போத்தலும் அங்கே வாங்கலாம். நல்ல மாசி என்றால் உள்ளே ஈரமே இருக்காது, இரண்டைத் தட்டினால் டக்கென்று சத்தம் வரவேணும். பின்னேரம் போனால் தோணிகள் வந்து சூரை இறக்குவதையும் பார்க்கலாம். வெட்டுகிறவர்களின் வேகத்தை நின்று பார்க்க வேணும்.

மதுரை மீனா

எல்லோருக்கும் நன்றி. ஒரே சிக்கல், நாங்கள் மாஃபுஷியில் இறங்குவதே வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டோம்.

தூத்துக்குடி கணக்கர்

அப்படியென்றால் விமான நிலையத்திலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஸ்பீட் போட் ஏறுங்கள். மாமியாருக்குச் சோறும் பருப்பும் செய்துவைக்கச் சொல்லி இன்றே கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், மீன் தூள் போடக்கூடாது என்பதையும் சேர்த்து. தொழுகை முடிந்து கடை திறந்த பிறகு, நாலு மணிக்கு மேல் நீங்கள் இருவரும் ஹெதிகாவுக்குக் கிளம்பலாம். ஆறு மணிக்கு மேல் போனால் மஸ்ரோஷி தீர்ந்திருக்கும்.