ஸ்டோர்ட் புரொசீஜர் திருப்பித் தரும் எண்ணை என்டிட்டி ஃபிரேம்வொர்க் வழியாகப் பெறுவது எப்படி?

கேள்வி: மஸ்ஜித் இந்தியா நிரலர், கோலாலம்பூர்

வணக்கம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் இருப்புக் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர். நிரல் சி ஷார்ப்பில், தரவுத்தளத்துடன் பேச உதவும் நூலகமான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் கொண்டு எழுதப்பட்டது. சேலைகளை ஒரு பில்லுக்கு ஒதுக்கும் ஸ்டோர்ட் புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ஒன்று உள்ளது. ஒதுக்கீடு முடிந்தால் 0, இருப்புப் போதாவிட்டால் 1, பில் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தால் 2 என்று ரிட்டர்ன் கட்டளையால் அது பதில் தருகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் மேலாண்மைக் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓட்டிப் பார்த்தால் எண் சரியாகவே வருகிறது. ஆனால் நிரலிலிருந்து, என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் எக்ஸிகியூட்எஸ்க்யூஎல்ரா மூலம் அழைத்தால் எந்த நிலையிலும் -1 மட்டுமே கிடைக்கிறது. தீபாவளி விற்பனை நேரத்தில் இல்லாத சரக்குக்குப் பில் போட்டுவிடக் கூடாது என்பதால், இதற்கு நம்பகமான வழி தேவைப்படுகிறது.

பதில்: பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு

வணக்கம் நண்பரே. எக்ஸிகியூட்எஸ்க்யூஎல்ரா தருவது புரொசீஜரின் பதிலை அன்று. எத்தனை வரிசைகள் மாற்றப்பட்டன என்ற எண்ணிக்கையைத்தான். உங்கள் புரொசீஜரின் தொடக்கத்தில் 'செட் நோகவுண்ட் ஆன்' என்ற வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வரி இருந்தால் சர்வர் எண்ணிக்கையை அனுப்புவதில்லை, ஆகவே -1 வருகிறது. அதை நீக்கினாலும் உங்களுக்குப் பயனில்லை. வேறோர் எண் வரும், அதுவும் நீங்கள் தேடும் எண்ணாக இராது.

செய்ய வேண்டியது இதுதான். 'இன்ட்' (முழு எண்) வகையில் ஓர் எஸ்க்யூஎல் பாராமீட்டரை (அழைப்புடன் மதிப்பைக் கொண்டுபோகவோ கொண்டுவரவோ உதவும் மாறியை) உருவாக்கி, அதன் திசையை 'அவுட்புட்' என்று வையுங்கள். பிறகு அழைப்பு வாசகத்தை 'எக்ஸெக் @முடிவு = இருப்பு_ஒதுக்கு @பொருள், @அளவு' என்ற அமைப்பில் எழுதி, எல்லாப் பாராமீட்டர்களையும் சேர்த்து அனுப்புங்கள். அழைப்பு முடிந்ததும் @முடிவு பாராமீட்டரின் மதிப்பில் 0, 1, 2 அப்படியே இருக்கும். திசைகளின் பட்டியலில் 'ரிட்டர்ன்வேல்யூ' என்றும் ஒன்று இருப்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுத்துத் திண்டாடுகிறார்கள். கட்டளையின் வகை 'ஸ்டோர்ட்புரொசீஜர்' என்று குறிக்கப்படும்போதுதான் அந்தத் திசை வேலை செய்யும்; என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் இந்த அழைப்போ சாதாரண வாசகமாகவே சர்வருக்குப் போகிறது.

உங்கள் புரொசீஜர் வரிசைகளையும் திருப்பித் தருமானால் ஃபிரம்எஸ்க்யூஎல்ரா பயன்படுத்துவீர்கள். அங்கே கவனம் தேவை. அந்த வரியை எழுதிய மாத்திரத்தில் எதுவும் ஓடுவதில்லை. 'டுலிஸ்ட்' போன்ற ஒன்றால் வரிசைகளை முழுவதும் படித்து முடித்த பிறகே பாராமீட்டரில் மதிப்பு நிரம்பும், ஏனெனில் சர்வர் முதலில் வரிசைகளை அனுப்பிவிட்டு இந்த மதிப்புகளைக் கடைசியில்தான் அனுப்புகிறது. ஸ்டோர்ட் புரொசீஜரின் மேல் 'வேர்', 'ஃபர்ஸ்ட்' போன்ற வடிகட்டும் கட்டளைகளை நேரடியாகச் சேர்க்கவும் இயலாது.

பதில்: செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

மேலே சொன்ன வழியே போதுமானது. ஆயினும், 'ரிட்டர்ன்வேல்யூ' திசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தால், கான்டெக்ஸ்டிலிருந்து (என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் தரவுத்தளத்தைக் குறிக்கும் பொருளிலிருந்து) 'கெட்டிபிகனெக்ஷன்' மூலம் இணைப்பை எடுத்து, நாமே கட்டளையை உருவாக்கலாம். அப்போது இணைப்பைத் திறப்பது நம் பொறுப்பு. டிரான்சாக்ஷன் (எல்லாம் முடிய வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்கக் கூடாது என்ற கட்டளைத் தொகுதி) ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அதையும் கட்டளையின் 'டிரான்சாக்ஷன்' பண்பில் கொடுத்தாக வேண்டும்; கொடுக்காவிட்டால் அழைப்பு பிழையுடன் நின்றுவிடும். பில்லும் ஒதுக்கீடும் ஒரே டிரான்சாக்ஷனில் நடக்க வேண்டிய உங்கள் கடைக்கு இது முக்கியமானது.

கேள்வியாளர்: மஸ்ஜித் இந்தியா நிரலர்

இருவருக்கும் மிக்க நன்றி. அவுட்புட் பாராமீட்டர் வழி சரியாக வேலை செய்கிறது. இருப்பில்லாத சேலைக்கு 1 வந்து பில் நின்றுவிடுகிறது. இதே முறையில், பில்லின் கழிவுத் தொகையைக் கணக்கிடும் மற்றொரு புரொசீஜரை அழைத்தபோது, 47.80 ரிங்கிட் வர வேண்டிய இடத்தில் 47 வருகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: பட்டர்வொர்த் வாசகர்

ஐயா, எஸ்க்யூஎல் சர்வரில் ரிட்டர்ன் கட்டளை முழு எண்ணை மட்டுமே ஏற்கும். 47.80 என்று கொடுத்தால், எந்தப் பிழையும் காட்டாமல் 80 சென் தொகையை வெட்டிவிட்டு 47ஐத் தரும். வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணுக்கு மட்டும் ரிட்டர்னை வைத்துக்கொள்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. தொகை, பெயர், தேதி போன்ற எதுவானாலும் புரொசீஜரில் தனி அவுட்புட் பாராமீட்டராக அறிவித்துவிடுங்கள். மற்றொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் ஸ்டோர்ட் புரொசீஜருக்குள் ரிட்டர்ன் எழுதவே இடமில்லை, பங்ஷனுக்குள் மட்டுமே உண்டு. நாளை தரவுத்தளத்தை மாற்ற நேர்ந்தாலும் அவுட்புட் பாராமீட்டர் முறை உங்களுக்குக் கைகொடுக்கும்.

தொகைப் பாராமீட்டருக்கு இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். அழைப்பு வாசகத்தில் '@கழிவு அவுட்புட்' என்று அந்தச் சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். சி ஷார்ப் பக்கம் திசையை அமைத்தது மட்டும் போதாது. அடுத்து, பாராமீட்டரின் வகையை டெசிமல் ஆக்கி, 'பிரிசிஷன்' (மொத்த இலக்கங்கள்) 10 என்றும் 'ஸ்கேல்' (புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்கள்) 2 என்றும் வெளிப்படையாகக் குறியுங்கள். ஸ்கேல் குறிக்கப்படாவிட்டால் அது 0 என்றே கொள்ளப்படும். அப்படி விட்டால், புரொசீஜரைத் திருத்திய பிறகும் அந்த 80 சென் உங்களுக்கு வந்து சேராது.