60 லிட்டர் கடல் தொட்டி: தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் இறங்கவில்லை

வைட்ஃபீல்டு வாசி:
வணக்கம். 60 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் ஸோவாந்தஸ் பவளம். வாரம் தவறாமல் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம். நைட்ரேட் மட்டும் 40-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மணல் மேல் காப்பிப்பொடி தூவியது போலப் பழுப்புப் படலம். காலையில் எடுத்தால் மாலைக்குள் மறுபடி வந்துவிடுகிறது. எங்கள் அடுக்ககத்தில் போர்வெல், கோடையில் டேங்கர். உப்புக் கலக்க வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான். என்ன செய்யலாம்?

கடலோடி:
தீனியைக் குறையுங்கள் ப்ரோ. உறைந்த மைசிஸை (இறால் போன்ற குட்டித் தீனி) அலசிவிட்டுப் போடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று? இல்லையென்றால் சென்னை போகும்போது பெசன்ட் நகர் கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்துவிடுங்கள், உப்புச் செலவும் மிச்சம்.

அல்சூர் அக்கா:
பெசன்ட் நகர் வேண்டாம் சாமி! அடையாறு கடலில் கலக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கரையோரத் தண்ணீரில் என்னென்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, தீனி, ஸ்பாஞ்ச் எல்லாம் சரிதான். ஆனால் முதலில் நீ ஊற்றுகிற தண்ணீரைப் பார். தொட்டிக்கு வைத்திருக்கும் அதே நைட்ரேட் கிட்டில், உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீரைச் சோதி. பெங்களூரு போர்வெல்லில் நைட்ரேட் புதிதல்ல. புதுத் தண்ணீரிலேயே 20 இருந்தால், நீ எத்தனை வாரம் மாற்றினாலும் தொட்டி 20-க்குக் கீழே போகாது. அப்புறம் மீன் கழிவு வேறு மேலே ஏறும். அந்தப் பழுப்பு டயட்டம் என்கிற நுண்பாசி. அதற்குத் தீனி சிலிக்கேட், அதுவும் இதே வழியாகத்தான் வரும்.

வீட்டு ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று சின்னத் திருகு இருக்கும். ருசிக்காக, மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) வழியாகப் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். மனிதருக்குச் சரி, பவளத்துக்கு ஆகாது. மெம்பரேனிலிருந்து நேரே ஒரு குழாய் பிரித்து, அதன் பின்னால் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) போடு. டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். ரெசின் நிறம் மாறினால் மாற்றிவிடு. போர்வெல் தண்ணீரில் அது சீக்கிரமே தீரும்.

இன்னொன்று: ஆவியாகிக் குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது. 50 லிட்டரில் 5 லிட்டர் போனால் உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) என்பது 39-ஐத் தொடும். சின்னத் தொட்டியில் இது சட்டென்று நடக்கும், தினமும் ஊற்று. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றாதே. செம்பு கலந்திருந்தால் முதலில் இறால் போகும்.

40-ஐ ஒரே நாளில் இறக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதே. மீன் தாங்கும், பவளம் சுருண்டுவிடும்.

வைட்ஃபீல்டு வாசி:
அக்கா, பார்த்துவிட்டேன். ஆர்.ஓ. தண்ணீரில் நைட்ரேட் 20-க்கும் மேல். டி.டி.எஸ். 94. கன்ட்ரோலரை மூடினால் 41.

அல்சூர் அக்கா:
அதேதான். 41-க்கும் டி.ஐ. வேண்டும். தனிக் குழாய் வருகிறவரை கன்ட்ரோலரை மூடினால் வீட்டில் சொல்லிவிட்டு மூடு.

வைட்ஃபீல்டு வாசி:
காப்பி ருசி மாறிவிட்டதென்று அம்மா நேற்றே கேட்டுவிட்டார். நாளை பிளம்பர் வருகிறார்.