பொருள்: ‘அன்ஹெடோனியா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அன்புடையீர், வணக்கம்.

கிராம சுகாதாரச் செவிலியர்கள் மனச்சோர்வை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்பி வைப்பதற்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மற்றவையெல்லாம் ஒருவாறு முடிந்து, ‘அன்ஹெடோனியா’ என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறோம்.

கையேட்டின் அடிப்படை ‘பி.எச்.கியூ-9’ என்னும் வினாப்பட்டியல். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; கூட்டுத்தொகை 27-க்கு மேல் போகாது; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் வினா, செய்யும் காரியங்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்திருக்கிறதா என்பது. இரண்டாவது, மனம் தாழ்ந்து, வருத்தமாகவோ நம்பிக்கையற்றோ இருக்கிறதா என்பது. முதல் வினா எதைத் தேடுகிறதோ அதுவே அன்ஹெடோனியா. இயல்களைப் பலர் பகிர்ந்து மொழிபெயர்த்ததால் ஓர் இயலில் ‘இன்பமின்மை’, இன்னொன்றில் ‘ஆர்வமின்மை’, மூன்றாவதில் ‘மகிழ்ச்சியின்மை’ என்று வந்திருக்கிறது. இவற்றுள் கடைசிச் சொல்தான் பெரிய தொல்லை. மகிழ்ச்சியின்மை என்றால் நம்மவர் துன்பம் என்றே படிப்பார்கள்; அப்போது முதல் வினாவும் இரண்டாம் வினாவும் ஒன்றாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் ஒன்று வேண்டும்.

புலவர், கும்பகோணம்:

தொல்காப்பியர் இருக்கும்போது நாம் ஏன் தெருவில் தேட வேண்டும்? மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடு, அதாவது உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகள், சொல்லும்போது அவர் அழுகையையும் உவகையையும் வெவ்வேறாகவே வைத்தார். ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று, அல்லல் நீத்த உவகை நான்கே’ என்பது நூற்பா. செல்வ நுகர்ச்சி, அறிவால் வரும் களிப்பு, கூடல், விளையாட்டு ஆகிய நான்கும் ஒருவனுக்குச் சுவைக்காமல் போவதுதானே நீங்கள் சொல்லும் நோய்? அழுகைக்கு அவர் சொன்ன நிலைக்களன்கள் வேறு: ‘இளிவே இழவே அசைவே வறுமை’. ஆகவே முதல் வினாவுக்கு உவகை, இரண்டாவதற்கு அழுகை என்று எல்லை ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது. ‘உவகையறவு’ என்று போடுங்கள். இன்மை என்பது முன்பே இல்லாததையும் குறிக்கும். அறவு என்றால் இருந்தது அற்றுப்போனது என்று விளங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘மனச்சோர்வு’ என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ என்பது பொச்சாவாமையின் முதற்குறள். அங்கே சோர்வு என்பது மிகுந்த களிப்பால் வரும் மறதி. அதாவது நீங்கள் இப்போது சொல்லும் நோய்க்கு நேர் எதிரான நிலையில் வருவது. கூந்தல் சோரும், ஆடை சோரும், கண்ணீர் சோரும். மனம் சோரும் என்பது பிற்கால வழக்கு. தொல்காப்பியர் சொன்ன ‘அசைவு’ என்பதற்கு, முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று உரை உண்டு. டிப்ரெஷனுக்கு ‘மன அசைவு’ என்பதே தகும்.

மனநல மருத்துவர், மதுரை:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். ‘மன அசைவு’ என்று போட்டால் கையேட்டின் எட்டாவது வினா சிக்கலாகிவிடும், ஐயா. பிறர் கவனிக்கும் அளவுக்கு நடையும் பேச்சும் மெதுவாகிவிட்டனவா, அல்லது இருப்புக்கொள்ளாமல் அலைகிறீர்களா என்று கேட்பது அந்த வினா. இன்றைய தமிழில் அசைவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய உரைக்கருத்து எனக்கு மிகவும் பயன்படும். முன்னிருந்த நிலையிலிருந்து மாறியிருக்கிறாரா என்பது நோயறிதலில் முதலில் பார்க்க வேண்டியது. பிறவியிலேயே அமைதியான சுபாவம் உள்ளவரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றக்கூடும் என்பதால் ஒரு செய்தி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 வகுப்பின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாகச் சேர்ந்து இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ அன்ஹெடோனியாவாகவோ இருந்தே தீர வேண்டும். அப்படியானால், வருத்தம் என்று ஒன்றைச் சொல்லாத ஒருவருக்கும் மனச்சோர்வு நோய் இருக்கலாம். எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தாம். ‘வருத்தமா, அதெல்லாம் இல்லைங்க, உடம்பெல்லாம் அசதி, தலை பாரம்’ என்பார்கள். இரண்டாம் வினாவுக்கு அவர்கள் மதிப்பெண் 0. முதல் வினாவைச் சரியாகக் கேட்டால் மட்டுமே பிடிபடுவார்கள்.

‘ஆர்வமின்மை’, ‘நாட்டமின்மை’ ஆகிய இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்றை வேண்டுவது வேறு, கிடைத்ததைச் சுவைப்பது வேறு என்று இப்போது பிரித்தே ஆராய்கிறார்கள். சிலருக்கு எழுந்து போக மனம் வராது. பிறர் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் அங்கே ஓரளவு மகிழ்வார்கள். வேறு சிலருக்குப் போன இடத்திலும் ஒன்றும் ஏறாது. நாட்டமின்மை முதல் பாதியை மட்டுமே சொல்லும். மேலும் மறதிநோயிலும் பார்க்கின்சன் நோயிலும் காணும், எதிலும் முனைப்போ அக்கறையோ அற்றுப்போகும் ‘அபதி’ என்ற நிலைக்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும். இதற்கே செலவழித்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘மனச்சோர்வு’ பிடிக்கவில்லை என்று புலவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு யாரும் ‘மன அழுத்தம்’ என்று மாற்றிவிட வேண்டாம். நாளிதழ்கள் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே எழுதுகின்றன, டிப்ரெஷனுக்கும் அதையே எழுதுகின்றன. எங்கள் பாடநூலில் அழுத்தம் என்பது பிரஷர். ஸ்ட்ரெஸ் என்பது தகைவு. வானிலைத் துறையிலோ டிப்ரெஷன் என்பது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதாவது அழுத்தம் குறைந்த இடம். ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் அழுத்தமாகவும் இன்னோரிடத்தில் அழுத்தக் குறைவாகவும் ஆகிவிட்டது. பிறகு மாணவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

உளநல உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘நெருக்கீடு’ என்ற சொல் உளநலத் துறையில் வழங்குகிறது. அதனால் ஆசிரியர் ஐயா சொல்லும் குழப்பம் இங்கே குறைவு. டிப்ரெஷனுக்கு ‘மனச்சோர்வு’ என்பதே தாதியர் முதல் வைத்தியர் வரை எல்லோரும் அறிந்த சொல். ஆனால் துறைக்கு ‘உளநலம்’ என்றும் ஆலோசனைக்கு ‘உளவளத்துணை’ என்றும் சொல்கிறோம். கையேடு எங்களுக்கும் பயன்பட வேண்டுமானால், மனம் வருமிடத்தையெல்லாம் உளம் என்று ஆக்கலாமே. மனம் வடசொல், உள்ளம் தமிழ்ச்சொல் என்ற நிறைவும் கிடைக்கும்.

அன்ஹெடோனியாவுக்கு ‘துய்ப்பின்மை’ எப்படி? துய்த்தலில் சுவைப்பதும் அனுபவிப்பதும் அடங்கும். ‘நுகர்ச்சியின்மை’ என்றால் நியாயவிலைக் கடை ஞாபகம் வருகிறது.

புலவர், கும்பகோணம்:

மனம் வடசொல் என்று யார் சொன்னது? முன்னுதல் என்றால் கருதுதல். முன்னம் என்றால் குறிப்பு. முன் என்பது மன் ஆகி, மனம் ஆயிற்று என்று கொள்ள இடம் உண்டு. இதைத் தனி இழையாக எழுதுகிறேன்.

மருத்துவர் அம்மையார் நாட்டத்தைத் தள்ளியது சரி. காரணம் மட்டும் வேறு. நாட்டம் என்றால் கண். ‘நாட்டம் இரண்டும் அறிவுடம் படுத்தற்கு’ என்று தொல்காப்பியக் களவியலே பேசுகிறது. ‘நாட்டமின்மை’ என்று எழுதினால் பார்வையற்றவர் என்று பொருளாகும். துய்ப்பின்மை தேவலாம், ஆனால் அது துய்க்கப் பொருள் இல்லாத வறுமையையும் குறிக்கும். வறுமையோ அழுகையின் நான்கில் ஒன்று. மீண்டும் இரண்டாம் வினாவுக்குப் போய்விடுகிறோம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

புலவர் ஐயா, அன்புகூர்ந்து வெள்ளிக்கிழமையை நினைவில் கொள்ளுங்கள். வேறொரு குழுவில் ‘பற்றறுதல்’ என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இங்குள்ளோர் கருத்து என்ன?

மனநல மருத்துவர், மதுரை:

அது மட்டும் வேண்டவே வேண்டாம். பற்றறுப்பது நம் சமயங்களில் பெரும்பேறு. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று படித்தவர்கள் நாம். துறவி தானாக விடுகிறார், விட்டதில் அமைதி அடைகிறார். என் முன்னால் உட்காருபவர் விடவில்லை; பழையபடி பேரப்பிள்ளையைக் கொஞ்ச வேண்டும் என்றுதான் நினைக்கிறார், அது முடியவில்லையே என்று தவிக்கிறார். வயதானவர் சாப்பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டால், ‘அப்பா இப்போதெல்லாம் எதிலும் ஒட்டுவதில்லை, பக்குவம் வந்துவிட்டது’ என்று குடும்பமே பெருமைப்படுவதை எத்தனை வீடுகளில் பார்த்தாயிற்று. அந்த மயக்கத்துக்குக் கலைச்சொல்லும் துணைபோகக் கூடாது.

ஓய்வு பெற்ற செவிலியர், விருதுநகர்:

வணக்கம். இதுவரை பேசிய சொற்களில் எதையும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னால் கேட்டிருக்க முடியாது. ‘உங்களுக்கு உவகையறவு உண்டா’ என்றால் அந்த அம்மா மோர் கொடுத்து அனுப்பி வைப்பார்.

‘ஆர்வம் குறைந்திருக்கிறதா’ என்று நேராகக் கேட்டாலும் பதில் வராது. வேலை நடந்துகொண்டிருக்கும், ஆகவே ‘அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். நான் கேட்ட முறை வேறு. முதலில், முன்பெல்லாம் எதை விரும்பிச் செய்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வது கோழியோ, கோயிலோ, தொலைக்காட்சித் தொடரோ, அதையே பிடித்துக்கொள்வேன். இப்போதும் செய்கிறீர்களா, செய்யும்போது எப்படி இருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேட்பேன். கோழி வளர்த்த பெண் ஒருவர். அடை வைத்த முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்து கத்துகின்றன, அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தீவனம் மட்டும் வேளைக்குப் போட்டிருக்கிறார். ‘பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன, எதுலயும் ஒரு பிடிப்பு இல்லம்மா’ என்றார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மருத்துவர் அம்மா சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மக்கள் சொல் ‘பிடிப்பு’. ‘பிடிப்பின்மை’ என்று வைத்தால் என்ன?

இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்:

அருமையான சொல், ஆனால் மருத்துவப் படிவத்தில் ‘பிடிப்பின்மை: உண்டு’ என்று எழுதினால், கழுத்துப்பிடிப்பு, இடுப்புப்பிடிப்பு எதுவும் இல்லை என்றல்லவா அடுத்தவர் படிப்பார்?

உளநல உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்:

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, வினாவுக்கான சொல்லும் கலைச்சொல்லும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று படுகிறது. இங்கே ‘ஒண்டிலயும் மனம் செல்லுதில்லை’ என்பார்கள். வினாவை ஊர்ப் பேச்சிலும் கலைச்சொல்லை அருஞ்சொல் அகராதியிலும் வையுங்கள். உளம், மனம் பற்றி நான் வற்புறுத்தவில்லை.

மனநல மருத்துவர், மதுரை:

முழுமையாக ஒப்புகிறேன். செவிலியர் அம்மா கேட்ட மூன்று கேள்விகளில் முன்னிருந்த நிலை, வேண்டுதல், சுவைத்தல் ஆகிய மூன்றுமே வந்துவிட்டன. அவற்றைக் கையேட்டில் அப்படியே சேர்க்கலாம்.

கையேட்டின் முன்வரைவைப் பார்த்ததில் வேறு இரண்டு திருத்தங்களும் வேண்டும். ‘10 மதிப்பெண் பெற்றவர் மனச்சோர்வு நோயாளி ஆவார்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் ஐயத்தை மட்டுமே எழுப்பும். நோயை உறுதிசெய்வது நேர்காணல். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே அசதியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை உண்டு. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தோடும் பேச்சோடும் செலவோடும் தொடர்ந்து சில நாள் இருந்தாரா என்றும் மருத்துவர் கேட்டாக வேண்டும். இருந்திருந்தால் அது இருமுனை மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அங்கே மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் சிலருக்கு அந்த எழுச்சி திரும்பிவிடும். புலவர் ஐயா காட்டிய ‘உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ அதற்கு எவ்வளவு பொருத்தம் என்று இப்போதுதான் வியக்கிறேன்.

இரண்டாவது, ஒன்பதாம் வினாவை மொழிபெயர்ப்பில் மழுப்பியிருக்கிறீர்கள். இறந்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று நேராகவே இருக்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டால்தான் சொல்வார்கள். இதற்கு 0 அல்லாத எந்தப் பதில் வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவாயினும், அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் உதவி எண் 14416 பின்னட்டையில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

இரண்டு திருத்தங்களையும் செய்துவிட்டோம். முதல் வினாவின் கீழ், விருதுநகர் அம்மா சொன்ன மூன்று கேள்விகளைப் பேச்சுத் தமிழில் சேர்த்திருக்கிறோம். ‘நாட்டமின்மை’யை அபதிக்கு ஒதுக்கியாயிற்று. டிப்ரெஷன் ‘மனச்சோர்வு’ என்றே இருக்கும். புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். அன்ஹெடோனியாவுக்கு, புலவர் தந்த உவகையையும், முன்பு இருந்தது போயிற்று என்ற பொருளையும் சேர்த்து, ‘உவகையிழப்பு’ என்று அகராதியில் போடுகிறோம். ‘அறவு’ செவிலியர்களுக்கு விளங்காது. நால்வர் ‘சரி’ என்றும், யாழ்ப்பாணத்து அன்பர் ‘துய்ப்பிழப்பு இன்னும் நன்று, ஆனால் எதிர்க்கவில்லை’ என்றும் தனிமடலில் எழுதியுள்ளனர். கோப்பு இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறது.

புலவர், கும்பகோணம்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அழுகையின் நான்கு நிலைக்களன்களில் இரண்டாவது ‘இழவு’. அதனோடு ஒருவேர்ச் சொல்லே இழப்பு. உவகைக்குப் பின்னால் அதை ஒட்டியவுடன், எந்த அழுகையை முதல் வினாவிலிருந்து விலக்க வேண்டும் என்று தொடங்கினீர்களோ அதுவே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. இழந்தேன் என்று ஒருவன் சொன்னால் எதை, எப்போது என்று கேட்டு உடனே துக்கம் விசாரிப்பது நம் வழக்கம். அந்தக் கோழி வளர்த்த பெண்ணுக்கு எதுவும் இழவில்லையே. குஞ்சுகள் அவர் வீட்டு முற்றத்திலேயே இருந்தன. அறவு என்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அச்சகத்தார் மெய்ப்பு அனுப்பும்போது, அகராதிப் பக்கத்தில் ‘உவகையறவு என்றும் சொல்லலாம்’ என்று அடிக்குறிப்பு இட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரி போதும்.