கமிட்டியில் பெரியவரை அவமானப்படுத்திவிட்டேன். வழி சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். சபைக் கமிட்டியில் இளையவன் நான்தான். ஆறு வாரங்களுக்கு முன், அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் ₹8,150 என்பது ₹1,850 என்று பதிவாகியிருந்தது. எழுதியவர் எழுபது வயதைத் தாண்டிய ஐயா, கண்பார்வை மங்கியவர். பணம் பெட்டியில் சரியாகவே இருந்தது. நானோ பதினான்கு பேர் முன்னால், "கணக்கு தெரியாதவர் நோட்டைத் தொடக் கூடாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த மடிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சகோதரன் தவறினால் தனிமையில் போய்ச் சொல் என்கிறது மத்தேயு 18:15. சிறுவர் வகுப்பில் அதை நடத்துபவனே நான்தான்!

இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், பண்ருட்டிப் பலா விலையைப் பேசினார். மன்னிப்பைத் தொடங்கினாலே, "அதை விடுங்கள் தம்பி" என்று முடித்துவிடுகிறார். முன்பெல்லாம் 'நீ, வா' என்பார். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போதகரோ பொறுத்திருக்கச் சொல்கிறார். ஐயா ஆராதனைக்கு வருகிறார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடியும் முன்பே போய்விடுகிறார்.

வரும் ஞாயிறு மறுபடியும் கமிட்டி. அதே பதினான்கு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன். ஆனால் அதுவும் என் தாழ்மையை நானே காட்சிக்கு வைப்பதாகிவிடுமோ என்று உறுத்துகிறது.

அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் பேசுவதா, கேட்காமலே பேசுவதா?